பண்டாரவளை மலைப்பாதைகளில் இரு சக்கரங்கள்

பண்டாரவளை என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன குளிர்ந்த காற்றும், தெருவோரத்தில் குவித்து விற்கப்படும் பெயார்ஸ் பழங்களும், பச்சைக் கொழுந்தின் மணமுமே. கொழும்பு வெயிலில் வாடியவர்கள் விடுமுறை கிடைத்ததும் மலைநாட்டு ரயிலில் ஏறிச் சன்னலோரத்தில் இடம்பிடித்து, அப்புத்தளையில் மேகம் பெட்டிக்குள்ளேயே புகுந்துவிடும் வேடிக்கையைக் கண்டு களித்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரத்திலுள்ள இவ்வூரில் வந்து இறங்குகின்றனர். இந்த இருப்புப்பாதை 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையை எட்டியது. பக்கத்திலிருக்கும் பதுளைக்குப் போய்ச் சேர அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1924இல்தான் முதல் ரயில் பதுளையில் கூவியது. அவ்வளவு கரடுமுரடான பூமி இது. இரும்புப் பாதைக்கே இந்தப் பாடென்றால், தோட்டங்களுக்குள்ளே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் கல்பாதைகளின் இலட்சணத்தை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

நல்ல தார்வீதி இருக்கும்போது அதை விட்டுவிட்டு அந்தக் கல்பாதைகளையே விரும்பித் தேடிப் போகின்ற ஒரு கூட்டம் ஊவாவில் உண்டு. மோட்டார் சைக்கிள் பிரியர்கள் என்று அவர்களைச் சொல்வது போதாது. சேற்றிலும் கல்லிலும் ஓடுவதற்கென்றே அமைந்த உயரமான வண்டிகளில், முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மலையாகச் சுற்றுபவர்கள் அவர்கள். அவர்களுடன் இரண்டு நாட்களைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓட்டுபவனாக அல்ல, பின்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்து சென்றவனாக.

ஞாயிறு காலையில் பண்டாரவளைச் சந்தை பிரசித்தமானது. வெலிமடைப் பக்கத்துக் கோவா, கரட், லீக்ஸ் மூட்டைகளும், தோட்டங்களிலிருந்து வாரச் சாமான் வாங்க வந்த குடும்பங்களும், பாக்கு வெற்றிலைக் கடைகளும், கருவாட்டு வாசமும் ஒன்றாய்க் கலந்திருக்கும் அந்தச் சந்தடியைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தால் எண்ணெய் ஊறிக் கறுத்த தரையுடன் ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கூரைத் தகரத்தின் கீழே, கழற்றப்பட்ட எஞ்சின்கள் மீன்கடையில் மீன்களைப்போல வரிசையாகக் கிடக்கின்றன. அதன் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். ஊரார் அவரைப் 'பாஸ்' என்கிறார்கள். இலங்கையில் மேசன் பாஸ், தச்சு பாஸ், மெக்கானிக் பாஸ் என்று கைத்தொழிலாளிகள் யாவரும் பாஸ்தான். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்கள் மொழியில் எசமான் என்று பொருள். கோட்டைகளைக் கட்டி ஆண்ட எசமானர்கள் போய்விட்டார்கள். பட்டம் மாத்திரம் ஸ்பனர் பிடித்த கைகளுக்கு வந்து சேர்ந்தது. நியாயமான கைமாற்றம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்று காலை ஏழு மணிக்குக் கராஜின் முன்னால் எட்டு வண்டிகள் நின்றன. ஒருவர் தோட்டத்துச் சின்னத்துரை, ஒருவர் பாடசாலை ஆசிரியர், ஒருவர் மருந்துக்கடைக்காரர், இருவர் தியத்தலாவையிலிருந்து வந்த சிங்கள இளைஞர்கள், மற்றவர்கள் லயத்தில் பிறந்து வளர்ந்து, கராஜிலும் பாதையிலும் தொழில் கற்ற வாலிபர்கள். சின்னத்துரையைத் தோட்டத்துக்குள் கண்டால் எழுந்து நின்று 'தொரை' என்று அழைக்க வேண்டியவர்களே, இங்கே அவர் வண்டியின் சங்கிலியைத் தட்டிப் பார்த்து, "இது தொங்குதே, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்று கடிந்துகொள்கின்றனர். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறார்.

தோட்டத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கத்தில் குதிரையில் மலை சுற்றினர். பின்னர் குதிரையின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புகழ்பெற்ற வண்டிகளுள் ஒன்று பி.எஸ்.ஏ. பாண்டம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இச்சிறு வண்டியின் கதை சுவையானது. போரில் தோற்ற ஜெர்மனி நட்டஈடாக விட்டுக்கொடுத்தவற்றுள் டி.கே.டபிள்யூ. என்ற கம்பனியின் 125 சி.சி. எஞ்சின் வரைபடமும் ஒன்று. அதைப் பார்த்தே ஆங்கிலேயர் பாண்டத்தைச் செய்தனர். அதையே பார்த்து அமெரிக்கர் ஒரு வண்டி, ரஷ்யர் ஒரு வண்டி செய்தனர். ஜப்பானில் யமஹா கம்பனி 1955இல் வெளியிட்ட தன் முதல் மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே மூலம். பகை நாடுகள் நான்கு, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி!

மேடுபள்ளத்துக்கென்றே செய்த வண்டிகள் பெருகியது பிறகுதான். 1968இல் யமஹாவின் டி.டி.1 என்ற 250 சி.சி. வண்டி வந்தது; 1972இல் ஹொண்டா எக்ஸ்.எல். 250 வந்தது. 1977இல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் மலைநாட்டில் நிறைந்தன. இன்று இந்தக் கூட்டத்தார் உயிரினும் மேலாகப் பேணுவது, இரட்டை விளக்குடைய ஹொண்டா 'பாஜா' போன்ற, ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த பழைய வண்டிகளைத்தான். வண்டியின் வயது ஓட்டுபவனின் வயதைவிட அதிகம் என்பது இங்கே சர்வ சாதாரணம்.

புறப்படுமுன் ஒரு சடங்கு உண்டு. கொழும்பிலிருந்து வண்டியோடு வந்திருந்த ஒரு நண்பர், தம் எஞ்சின் மேட்டில் மூச்சுத் திணறுவதாக முறையிட்டார். பாஸ் கருவி எதையும் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நுனி அடுப்புக்கரிபோல் கறுத்திருந்தது. "பெற்றோல் கூடிப்போச்சு, காத்துக் கொறஞ்சுபோச்சு" என்றார். விஷயம் இதுதான்: பண்டாரவளையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக் காற்றுக்கு அளந்து வைத்த காபரேட்டர், இங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவு பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். எரிப்பதற்குப் போதிய காற்றில்லை. மிச்சம் கரியாகிப் பிளக்கில் படிகிறது. மருந்து, ஒரு நம்பர் சிறிய ஜெட். பாஸ் பழைய மருந்துக் குப்பியொன்றிலிருந்து பித்தளை ஜெட்டுகளைக் கையில் கொட்டி, துளையினூடே சூரியனைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தார். கால் மணி நேரத்தில் எஞ்சினின் குரல் மாறிவிட்டது. எனக்கே கேட்டது.

"இத எங்க படிச்சீங்க?" என்று வினவினேன்.

"படிக்கிறதா? கெட்டுப் போனதெல்லாம் எங்கிட்ட வந்து படிப்பிச்சிட்டுப் போச்சுங்க" என்றார்.

நாங்கள் பூனாகலைப் பக்கமாகப் புறப்பட்டோம். ஊரெல்லையில் தேயிலை ஆரம்பித்துவிடுகிறது. ஆடி ஆவணியில் வீசும் வரண்ட கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற அந்தத் தனி மணத்தைத் தருகிறது. நாங்கள் போனது அந்தக் காற்றடிக்கும் பருவம். பாதை காய்ந்து, செம்மண் மாவாய்ப் பறந்தது. முன்னால் போகிறவனின் தூசியை உண்ணாமலிருக்க ஆளுக்காள் நூறு யார் இடைவெளி விட்டே சென்றனர். ஆயினும் ஒருவரும் தனியாகவில்லை. திருப்பம் வரும் ஒவ்வோரிடத்திலும், முன்னால் போனவர் நின்று, பின்னால் வருபவரின் முகத்தைக் கண்ட பிறகே நகர்ந்தார்.

இவர்களுடைய சட்டங்கள் எழுதப்படாதவை. நிற்கும் வண்டியைக் கண்டால் கடந்து போகக்கூடாது. அது யார் வண்டியானாலும் சரி. மிகக் கெட்டிக்காரன் முன்னால் போவான் என்று நான் எண்ணியிருந்தேன். இல்லை, அவன்தான் கடைசி. விழுந்தவனைத் தூக்குவதும், நின்றுபோனதை ஓடவைப்பதும் அவன் பொறுப்பு. அன்று கடைசியாக வந்தவன் பாஸிடம் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பையன். மெலிந்த தேகம். பேச்சுக் குறைவு. அவன் வண்டியில் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பழைய இராணுவப் பை. அதன் உள்ளே இருந்ததை எண்ணிப் பார்த்தேன்: ஐந்தாறு ஸ்பனர்கள், ஒரு குறடு, கிளச் கேபிள், பிளக், சங்கிலிக் கிளிப், டியூப் ஒட்டும் சாமான், கைப் பம்பு, கட்டுக் கம்பி, பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டி ஒன்று.

சவர்க்காரம் எதற்கென்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் விடை வந்தது. ஆசிரியரின் வண்டி கல்லில் சரிந்து விழுந்ததில் பெற்றோல் தாங்கியில் ஊசிமுனையளவு துளை விழுந்து, பெற்றோல் கசியத் தொடங்கியது. பையன் எஞ்சினை அணைக்கச் செய்து, பீடி பற்றவைக்கப்போன ஒருவரை இருபது அடி தள்ளி நிற்க வைத்துவிட்டு, கசிந்த இடத்தைத் துடைத்து, சவர்க்காரக் கட்டியால் அழுத்தித் தேய்த்தான். கசிவு நின்றது! தண்ணீரில் கரையும் சவர்க்காரம் பெற்றோலில் கரைவதில்லை. அதுதான் இதன் இரகசியம். ஊர் போய்ச் சேரும்வரை அந்தத் தாங்கியிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

இப்படிப்பட்ட வித்தைகள் ஆயிரம். டயர் வெடித்து, ஒட்டுவதற்கும் சாமானில்லை என்றால், தோட்டத்தில் தாராளமாய்க் கிடைக்கும் மானாப் புல்லை வாரி டயருக்குள் இறுகத் திணித்து, மெல்ல உருட்டிக்கொண்டு வீடு சேரலாம். பழைய வண்டிகளின் மின்பொறி முனைகளுக்கிடையேயுள்ள இடைவெளியைத் தடித்த கடதாசித் துண்டால் அளந்து ஏறக்குறையச் சரிசெய்யலாம். மேடேற வலுவில்லாத வண்டியின் முன் பற்சக்கரத்தில் பதினைந்து பல்லுக்குப் பதில் பதினான்கு பல் போட்டால், வேகம் சற்றுக் குறையும், இழுவை கூடும்.

இறக்கத்துக்கு வேறு சாஸ்திரம். ஏறத் தெரியாதவன் பாதியில் நிற்பான். இறங்கத் தெரியாதவன் நிற்கவே மாட்டான் என்பது பாஸின் வாக்கு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பிப் பிடித்துக்கொண்டு போனால், அது சூடேறிப் பிடிமானம் இழந்துவிடும். ஆகையால் சிறிய கியரில் விட்டு, எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்க வேண்டும். ஆனால் பெற்றோலோடு கலந்த எண்ணெயையே குடித்து வாழும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இந்த வைத்தியம் ஆகாது. கைப்பிடியை முற்றாக மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழலும், எண்ணெயோ வராது, பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். அதனால் அந்த வண்டிக்காரர்கள் இறங்கும்போதும் இடைக்கிடை கைப்பிடியைத் திருகி 'உறும்' என்று ஓர் ஒலி எழுப்புவார்கள். இளைஞர்களின் வீண் ஆரவாரம் என்று இதுவரை நாம் முகஞ்சுளித்தது, எஞ்சினுக்கு ஒரு வாய் எண்ணெய் ஊட்டும் ஓசையாகவும் இருக்கலாம். (எல்லாமே அப்படி என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.)

ஓர் ஓடையைக் கடந்தபோது மருந்துக்கடைக்காரரின் வண்டி நடுவில் கவிழ்ந்து எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது. அவர் எழுந்து ஆத்திரத்தோடு கிக்கரில் காலை வைத்தார். "அடிக்காதீங்க அண்ணே!" என்று பையன் கத்திய கத்தலில் மலையே எதிரொலித்தது. அன்று அவன் குரலுயர்த்தியது அந்த ஒரு தடவைதான். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது எஞ்சினை வலுவாகச் சுழற்றினால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து வண்டியைக் கரையேற்றினர். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை மிதிக்க, துளையினூடே நீர் பீறிட்டது. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் வடித்து, பிளக்கைச் சட்டை நுனியால் துடைத்துப் பூட்டி, மூன்றாம் மிதியில் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. எல்லாரும் கைதட்டினர். அந்தத் தியத்தலாவை இளைஞர்களில் ஒருவர் தம் சொந்தக் காலுறையைப் பிழிந்துகொண்டே, "ஹரி மச்சான், யமு!" என்றார்.

'மச்சான்' என்பது இந்நாட்டில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கூச்சமின்றிப் பங்கிட்டுக்கொண்ட சொற்களுள் ஒன்று. இவர்களுடைய சம்பாஷணையைக் கேட்பதே ஒரு விருந்து. 'அய்யா' என்று சிங்கள இளைஞன் விளித்தால் அண்ணன் என்று பொருள். தமிழ்ப் பையன் 'ஐயா' என்றால் மரியாதைக்குரிய பெரியவர். ஆசிரியருக்கு இரண்டும் பொருந்துவதால் அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறார். யந்திரத்தின் உறுப்புகளுக்கோ மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. பிளக் எல்லா மொழியிலும் பிளக்தான். இந்த மலைகளில் மனிதரை மனிதர் ஐயத்தோடு பார்த்த ஆண்டுகளும் உண்டு. அவற்றைக் கண்டவர் பாஸ். அந்தக் காலத்திலும் தம் கராஜில் எந்த வண்டியும் எந்த மொழியும் பேசியதில்லை என்கிறார்.

பூனாகலைக்கு அப்பால் பாதை கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிறது. ஓரிடத்தில் எல்லாரும் எஞ்சினை அணைத்தனர். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்து மலையடியில்தான் மீரியபெத்தைத் தோட்டம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகும் வேளை அது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊவாவின் தோட்டப் பாதைகள் இடிவது ஆண்டுதோறும் நிகழ்வது. லொறி போகாது, வானும் போகாது. மண்மேட்டின் ஓரமாகக் கையால் தள்ளியாவது கொண்டுபோகக்கூடியது மோட்டார் சைக்கிள் ஒன்றே. பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக மருத்துவ மாதுவை ஏற்றிப் போனவர்களும், காய்ச்சல்காரப் பிள்ளையை நடுவில் அணைத்து வைத்து ஆஸ்பத்திரி சேர்த்தவர்களும் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அதைப்பற்றி அவர்களாகப் பேசுவதில்லை. துருவித் துருவிக் கேட்டபின் ஆசிரியர் சொன்னதையே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காகக் கற்றுக்கொண்ட பாதைகளும் பிடிமானங்களும் மழை நாளில் வேறு பயன் தருகின்றன.

உலகத்தில் இவ்விளையாட்டுக்கு வயது நூறுக்கு மேல். 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று தொடங்கியது. உலகப் போர்களில் தடைப்பட்டாலும் இன்றளவும் நடந்துவருகிறது. அதன் சிறப்பு வேகமன்று. பழுதுபட்ட வண்டியை ஓட்டுபவனே தன் கையால் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் ஆதி விதி. முக்கிய உறுப்புகளை மாற்றிவிடாதபடி அவற்றின்மேல் வர்ண அடையாளமும் இடுவர். ஐரோப்பாவில் பதக்கம் கொடுத்துப் பரீட்சிக்கும் அந்தத் திறமை, இங்கே கொழுந்து மடுவத்துப் பாதையில் வாராவாரம் இலவசமாகப் பரீட்சிக்கப்படுகிறது.

மத்தியானம் ஒரு சிறு கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத்தண்ணியும். வந்தவர் எவரும் தனித்தனியாகக் காசு கொடுக்கவில்லை. ஒரு தலைக்கவசம் சுற்றி வந்தது, இருப்பவர் இருப்பதைப் போட்டனர். 2022ஆம் ஆண்டின் பெற்றோல் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அப்போது கியூ.ஆர். அட்டையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர்தான். "நாலு லீற்றருல பாதிய யாருக்காவது அவசரம்னு வச்சிருப்போம்" என்றார் மருந்துக்கடைக்காரர். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, பழைய வண்டிகளைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடாயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு வண்டியின் உடலிலிருந்து மூன்று வண்டிகள் பிழைத்த கதைகள் ஏராளம். பாஸின் கராஜில் கிடக்கும் ஒரு சட்டத்துக்கு 'தர்மகர்த்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொடுத்துக் கொடுத்து இப்போது அதில் சட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை.

மறுநாள் தியத்தலாவைக்கு அழைத்துச் சென்றனர். போயர் யுத்தத்தில் சிறைப்பட்டவர்களை 1900ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர் அடைத்து வைத்த ஊர் அது. இப்போது இராணுவக் கல்லூரி இருக்கிறது. அங்கே புல்மலையொன்றின் சரிவில், 'ஃபொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் முன்னொரு காலத்தில் வெண்கற்களால் அமைத்த நரியின் உருவம் தூரத்திலிருந்தே தெரிகிறது. அதனால்தான் ஃபொக்ஸ் ஹில் என்ற பெயர். அதன் அடிவாரத்து மண்தடத்தில் நடக்கும் ஃபொக்ஸ் ஹில் பந்தயம் நாடறிந்தது. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப்போல, ஏப்ரல் விடுமுறை என்றால் இதற்கும் ஜனங்கள் திரள்வது வழக்கம்.

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆந் திகதி நடந்த பந்தயத்தில், கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தடத்தின் ஓரத்தில் நாங்கள் நின்றபோது அங்கே புல் நன்றாக வளர்ந்திருந்தது. எங்களுடன் வந்தவர்களில் இருவர் அன்று அவ்விடத்தில் இருந்தவர்கள். ஒருவர் தடத்தைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தயத்துல போறவன் முன்னால மட்டும்தான் பாக்கணும். நம்மளுக்கு அது சரிவராது" என்று பையன் தணிந்த குரலில் சொன்னான். பந்தயத்தை வெறுத்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை. அவன் பழகியது கடைசியில் வருகிறவனின் வேலை. முன்னால் போகும் ஏழு பேரையும் பார்த்துக்கொண்டே ஓட்டுபவன் அவன்.

இந்தப் பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் நல்ல பெறுபேறு, கணிதத்தில் தவறிவிட்டான். அவன் வயதொத்தவர்கள் கொழும்பில் புடைவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறார்கள். அவனையும் ஒரு கடையில் சேர்த்துவிட உறவினர் ஒருவர் தயாராக இருந்தார். மாதம் பிறந்தால் கையில் சம்பளம், தங்க இடம், சாப்பாடு. தாய்க்கு அதில் விருப்பம். "கை எல்லாம் கறுப்பாக்கிக்கிட்டு இருக்கானே, நாளைக்கு என்ன காட்டுவான்?" என்று அவர் கேட்டதாகப் பாஸ் சொன்னார். கேள்வியில் நியாயமில்லாமலில்லை. பையனுடைய வித்தையெல்லாம் அவன் விரல்நுனியில் இருக்கிறது. கடதாசியில் ஒரு வரியும் இல்லை. வளைகுடா நாடுகளிலோ கொழும்பின் பெரிய கம்பனிகளிலோ முதலில் கேட்பது கடதாசியைத்தான்.

இதற்கு வழியில்லாமலில்லை என்பதை மாணவர்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது. இலங்கையில் தேசிய தொழிற்றகைமை என்னும் சான்றிதழ் முறை உண்டு. பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலைத்தலத்திலேயே தொழில் கற்றவர்களும், 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற ஏற்பாட்டின்கீழ் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் கைத்திறமையைச் செய்துகாட்டி, அந்தச் சான்றிதழைப் பெறலாம். ஆசிரியர்தான் இதை விசாரித்து அறிந்து, விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர். இன்னின்ன வேலைகளைச் செய்திருக்கிறான் என்பதற்கு அத்தாட்சிகள் வேண்டும். மருந்துக்கடைக்காரர் தம் வண்டியின் எஞ்சின் திருத்திய விவரத்தை எழுதிக் கொடுத்தார். சின்னத்துரை, தோட்டத்து வண்டிகளில் அவன் செய்த வேலைகளைத் தேதியோடு எழுதிக் கையொப்பமிட்டார். தியத்தலாவை இளைஞர்கள் தங்கள் கைபேசியில் பிடித்து வைத்திருந்த படங்களைத் தொகுத்தனர். ஓடைக்கரையில் தண்ணீர் பீறிடும் படமும் அதில் இருக்கிறது. மலையில் ஒருவன் வண்டி நின்றால் எல்லாரும் நிற்பது என்ற விதியை இவர்கள் கராஜுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

தாய் இன்னும் சம்மதிக்கவில்லை. தைப்பொங்கல்வரை பார்ப்போம் என்றிருக்கிறார்.

புதிய வண்டிகள் வேறொரு சிக்கலைக் கொண்டு வருகின்றன. அவற்றில் காபரேட்டரே கிடையாது. எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்பதைச் சிறு மின்மூளை ஒன்று தானே காற்றை அளந்து தீர்மானிக்கிறது. ஜெட் மாற்றும் வேலையில்லை. காதை வைத்துக் கேட்டாலும் அது வாய் திறப்பதில்லை. அதனோடு பேசுவதற்குத் தனியே ஒரு கருவி வேண்டும். பாஸ் அதைப் பழைய விலைக்கு ஒருவரிடம் வாங்கி வைத்திருக்கிறார். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்தாற்போன்ற பெட்டி; அதோடு தலையணையளவு தடித்த ஆங்கிலக் கைந்நூல். பாஸுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

நான் விடைபெறச் சென்ற மாலையில் கராஜ் பாதி மூடியிருந்தது. மழைமேகம் கூடி வெளிச்சம் மங்கிவிட்டது. உள்ளே ஒரு மின்குமிழின் கீழே, கவிழ்த்த பெட்டியொன்றில் பையன் உட்கார்ந்து அந்தக் கைந்நூலை ஒவ்வொரு வாக்கியமாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். பாஸ் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சினைக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கையை உயர்த்தி, "அந்த எடத்த இன்னொருக்காச் சொல்லு" என்றார். பையன் பக்கத்தைத் திருப்பி மறுபடியும் ஆரம்பித்தான்.